'பிஎஃப் இருக்குல்ல, போதாதா?' - 26 வயதிலேயே ஓய்வூதியக் கணக்கு ஏன், எப்படி?

மாதத்தின் முதல் நாள். சம்பளம் வந்துவிட்டதாக போனில் மெசேஜ். மூன்றாம் தேதி வாடகை போய்விடும், ஐந்தாம் தேதி பைக் இஎம்ஐ. நடுவில் ஊருக்கு, அப்பா கணக்குக்கு, பத்தாயிரம். மிச்சம் இருப்பதை வைத்து மாதம் ஓட வேண்டும். இந்த நிலையில் இருக்கும் 26 வயது ஐடி ஊழியரிடம் போய் ஓய்வுகாலச் சேமிப்பு பற்றிப் பேசினால் என்ன பதில் வரும்? "ரிட்டயர்மென்ட்டா? அதுக்கு இன்னும் 34 வருஷம் இருக்கு ப்ரோ!"

சரிதான். ஆனால் ஊருக்குப் போகும் அந்தப் பத்தாயிரத்தை ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். கடை வைத்திருந்த, லாரி ஓட்டிய, தனியார் மில்லில் வேலை பார்த்த அப்பாக்களுக்கு அரசு ஊழியர் போல பென்ஷன் கிடையாது. பிள்ளைகள் அனுப்பும் பணம்தான் அவர்களின் பென்ஷன். இன்று அனுப்புகிற இந்தத் தலைமுறைக்கு, 60 வயதுக்கு மேல் யார் அனுப்புவார்கள்? "பசங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்ல இவர்களில் பலருக்கே மனம் வராது. அப்படியானால் அந்த ஏற்பாட்டை இப்போதே, அவரவர் பெயரிலேயே தொடங்க வேண்டும்.

பிஎஃப் பிடிக்கிறார்களே, அது போதாதா?

பெரும்பாலானோர் சொல்லும் முதல் சமாதானம் இது. சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் என்பது விதி. ஆனால் பல நிறுவனங்கள் 15,000 ரூபாய் உச்சவரம்பை மட்டும் கணக்கில் வைத்து மாதம் 1,800 ரூபாய்தான் பிடிக்கின்றன. நிறுவனத்தின் பங்கும் அதே 1,800. சம்பளம் 40 ஆயிரமாக இருந்தாலும் 90 ஆயிரமாக இருந்தாலும் சேமிப்பு அதே இடத்தில் நிற்கும்.

அடுத்து, பிஎஃப் என்பது பென்ஷன் அல்ல. அது ஒரு சேமிப்புத் தொகை. பென்ஷன் தருவது அதோடு ஒட்டிய இபிஎஸ் என்ற வேறு திட்டம். அதன் கணக்கு எளிது: பென்ஷனுக்கான சம்பளத்தை, வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி, 70 ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி, 35 வருடம் உழைத்தவருக்கும் மாதம் 7,500 - 8,000 ரூபாய்தான் வரும். 35 வருடம் கழித்து அந்தப் பணத்தில் என்ன வாங்க முடியும் என்பது தனிக் கேள்வி.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் முறையாக பிஎஃப்-இல் சேர்ந்து, அப்போதே அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தவர்களுக்கு இபிஎஸ் கிடையாது. நிறுவனத்தின் பங்கு முழுவதும் பிஎஃப்-க்கே போய்விடும். அதில் நஷ்டம் இல்லை. ஆனால் 'எனக்கு பென்ஷன் வரும்' என்ற நினைப்பு மட்டும் தவறு. இன்றைய இளம் ஊழியர்கள் பலர் இந்தப் பட்டியலில்தான் வருகிறார்கள்.

கடைசியாக, வேலை மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்து போன் வாங்குவதும், கோவா போவதும் நடக்கிறது. மூன்று முறை வேலை மாறியவரின் கையில் மிஞ்சுவது கடைசி நிறுவனத்தின் பிஎஃப் மட்டுமே. எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. 2024-25க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். இவ்வளவு பாதுகாப்பாக இந்த வட்டி தரும் இடங்கள் குறைவு.

அப்படியானால் என்பிஎஸ் என்பது என்ன?

தேசிய ஓய்வூதியத் திட்டம், சுருக்கமாக என்பிஎஸ். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. 2009 மே 1 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஐடி ஊழியர், ஃப்ரீலான்ஸ் டிசைனர், டெலிவரி வேலை செய்பவர், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் என 18 வயது நிறைந்த யார் வேண்டுமானாலும் தன் பெயரில் கணக்கு தொடங்கலாம். இதைக் கண்காணிப்பது பிஎஃப்ஆர்டிஏ என்ற ஒழுங்குமுறை ஆணையம்.

கணக்கு தொடங்கியதும் 'பிரான்' எனப்படும் 12 இலக்க எண் கிடைக்கும். வேலை மாறினாலும், ஊர் மாறினாலும், சம்பள வேலையை விட்டு சொந்தத் தொழில் தொடங்கினாலும் எண் அதேதான். ஆரம்பிக்க 500 ரூபாய் போதும். வருடத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும்.

போடும் பணம் பங்குகள், நிறுவனக் கடன்பத்திரங்கள், அரசு கடன்பத்திரங்கள் ஆகியவற்றில் முதலீடாகும். எதில் எவ்வளவு என்பதைக் கணக்கு வைத்திருப்பவரே முடிவு செய்யலாம். நிர்வாகக் கட்டணம் வழக்கமான திட்டங்களில் ஆண்டுக்கு 0.1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மியூச்சுவல் ஃபண்டுகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. 30 வருடக் கணக்கில் இந்தச் சின்ன வித்தியாசம் லட்சக்கணக்கில் தெரியும்.

ஏன் இப்போதே? 35 வயதில் பார்த்துக்கொள்ளலாமே?

இங்கேதான் கணக்கு தன் வேலையைக் காட்டுகிறது. மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 9 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். இது உத்தரவாதம் அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்.

25 வயதில் தொடங்கி 60 வரை போட்டால், கையிலிருந்து போவது 12.6 லட்சம். சேர்ந்திருப்பது சுமார் 88 லட்சம்.

35 வயதில் தொடங்கி 60 வரை போட்டால், கையிலிருந்து போவது 9 லட்சம். சேர்ந்திருப்பது சுமார் 33.6 லட்சம்.

பத்து வருடம் தள்ளிப்போட்டதில் மிச்சமானது 3.6 லட்சம், இழந்தது 54 லட்சத்துக்கும் மேல். 35 வயதில் தொடங்குபவர் அதே 88 லட்சத்தை எட்ட வேண்டுமானால் மாதம் சுமார் 7,900 ரூபாய் போட வேண்டும். வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் வயது அது.

இந்த 88 லட்சத்தைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 35 வருடம் கழித்து வரும் 88 லட்சத்தின் மதிப்பு இன்றைய பணத்தில் 11.5 லட்சம்தான். இன்று மாதம் 30,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு அன்று 2.3 லட்சம் தேவைப்படும். பல விளம்பரங்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

தீர்வு என்ன? சம்பளம் ஏறும்போது சேமிப்பும் ஏற வேண்டும். அதே 3,000 ரூபாயை ஒவ்வொரு வருடமும் 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் 60 வயதில் சுமார் 3 கோடி வரும். இன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 40 லட்சம். ஏப்ரலில் இன்க்ரிமென்ட் லெட்டர் வரும் நாளில் இந்தத் தொகையையும் கூட்டிவிடுவது நல்ல பழக்கம். சின்னத் தொகையில் தொடங்குவது தவறில்லை. சின்னத் தொகையிலேயே நின்றுவிடுவதுதான் தவறு.

கணக்கு தொடங்குவது எப்படி?

இஎன்பிஎஸ் தளத்தில் ஆன்லைனிலேயே தொடங்கலாம். பெரும்பாலான வங்கிகளின் ஆப்பிலும் இந்த வசதி உண்டு. ஆன்லைன் வேண்டாம் என்பவர்கள் வங்கிக் கிளைக்கோ, இந்தச் சேவை உள்ள அஞ்சலகத்துக்கோ நேரில் போகலாம். கையில் இருக்க வேண்டியவை: பான் கார்டு, ஆதார், ஆதாரோடு இணைந்த மொபைல் எண், வங்கிக் கணக்கு விவரம். மொபைல் எண் ஆதாரில் பழையதாக இருந்தால் ஓடிபி வராது. அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

படிவத்தை நிரப்பும்போது நான்கு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும்.

ஒன்று, கணக்கு வகை. டயர் 1 தான் உண்மையான ஓய்வூதியக் கணக்கு. டயர் 2 எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமிப்பு. அது கட்டாயம் இல்லை. தொடங்குபவருக்கு டயர் 1 போதும்.

இரண்டு, ஃபண்ட் மேனேஜர். எஸ்பிஐ, எல்ஐசி, யூடிஐ, ஹெச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, கோடக் எனப் பல பெயர்கள் வரும். இங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். இதற்காக மூன்று வாரம் யோசித்து, கடைசியில் கணக்கே தொடங்காமல் விடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

மூன்று, முதலீட்டுப் பிரிப்பு. இதுதான் முக்கியம். 'ஆக்டிவ்' முறையில் பங்குகளுக்கு எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்யலாம். வழக்கமான திட்டத்தில் 75 சதவீதம் வரை போகலாம். 2025 அக்டோபர் முதல் 100 சதவீதம் வரை பங்குகளில் போடும் தனித் திட்டங்களும் வந்திருக்கின்றன. 'ஆட்டோ' முறையில் வயதுக்கேற்ப பிரிப்பு தானாக மாறும். இளம் வயதில் பங்குகள் அதிகம், வயது ஏற ஏறக் கடன்பத்திரங்கள் அதிகம். சந்தையை உட்கார்ந்து பார்க்க நேரம் இல்லாதவர்களுக்கு ஆட்டோ நல்லது. எதையும் தேர்வு செய்யாமல் 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போனால், இருக்கிற நடுத்தரப் பிரிப்பில் போய் உட்கார்ந்துவிடும்.

நான்கு, நாமினி. மூன்று பேர் வரை போடலாம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு அதை மறுபடி பார்க்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் முழுத் தொகையும் நாமினிக்குப் போகும்.

இவ்வளவும் முடிந்ததும் மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி எஸ்ஐபி போட்டுவிட வேண்டும். தேதி, சம்பளம் வந்த மறுநாளாக இருக்கட்டும். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் போடலாம் என்றால் எந்த மாதமும் மிச்சம் இருக்காது.

வரி விஷயத்தில் என்ன லாபம்?

நண்பர்கள் சொல்வதும் நடப்பதும் வேறாக இருக்கும் இடம் இது. "என்பிஎஸ்-ல 50 ஆயிரம் போட்டா எக்ஸ்ட்ரா டாக்ஸ் மிச்சம்" என்பது பழைய வரி முறைக்கு மட்டும் பொருந்தும். புதிய வரி முறையில், நாமாகப் போடும் பணத்துக்குக் கழிவு கிடையாது. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை. இளம் ஊழியர்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் புதிய முறையிலும் ஒரு வழி திறந்திருக்கிறது. நிறுவனம் ஊழியரின் என்பிஎஸ் கணக்கில் போடும் பணத்துக்கு, அடிப்படைச் சம்பளம் மற்றும் அகவிலைப்படியில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. தனியார் ஊழியர்களுக்கு 10 சதவீதமாக இருந்த இது 2024 ஜூலை பட்ஜெட்டில் 14 ஆனது. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், மாதம் 5,600 ரூபாய், வருடத்துக்கு 67,200 ரூபாய் வரிக்கு வராது. சிடிசி-யை உயர்த்தாமல், அதற்குள்ளேயே ஒரு பகுதியை இப்படி மாற்றிக் கேட்கலாம். கையில் வரும் சம்பளம் கொஞ்சம் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். "நம்ம கம்பெனியில கார்ப்பரேட் என்பிஎஸ் இருக்கா?" என்று ஹெச்ஆருக்கு ஒரு மெயில் அனுப்புவதுதான் முதல் வேலை.

பணம் எப்போது கைக்கு வரும்?

என்பிஎஸ்-இன் பலமும் பலவீனமும் ஒன்றே. பணத்தை எளிதில் எடுக்க முடியாது. மூன்று வருடத்துக்குப் பிறகு, சிகிச்சை, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், முதல் வீடு போன்ற காரணங்களுக்காக, சொந்தமாகப் போட்ட தொகையில் 25 சதவீதம் வரை எடுக்கலாம். சேர்ந்த சில வருடங்களிலேயே திட்டத்தை விட்டு வெளியேறினால், சிறிய தொகையாக இருந்தால் தவிர, 80 சதவீதத்தை ஆன்யூட்டியில் போட வேண்டும். ஆன்யூட்டி என்பது, மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க மாதாமாதம் பென்ஷன் தரும் காப்பீட்டு நிறுவனத்தின் திட்டம்.

60 வயதில் 60 சதவீதத்தை மொத்தமாக எடுத்து, 40 சதவீதத்தை ஆன்யூட்டியில் போட வேண்டும் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. 2025 டிசம்பரில் இது தளர்த்தப்பட்டது. அரசு ஊழியர் அல்லாதவர்கள் இப்போது 80 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம், 20 சதவீதம் ஆன்யூட்டியில் போட்டால் போதும். விதி தளர்த்தப்பட்டபோது வருமான வரிச் சட்டத்தில் வரிவிலக்கு 60 சதவீதத்துக்குத்தான் இருந்தது. ஆன்யூட்டியிலிருந்து வரும் பென்ஷன் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். பொதுவாக அது விலைவாசிக்கேற்ப ஏறுவதும் இல்லை.

26 வயதுக்காரர் பணத்தை எடுக்கும்போது இந்த விதிகள் இன்னும் பலமுறை மாறியிருக்கும். அதனால் எடுக்கும் விதிகளை இன்றே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சேர்க்கும் வருடங்கள் மட்டும்தான் அவர் கையில் இருக்கின்றன.

யார் கொஞ்சம் பொறுக்கலாம்?

கிரெடிட் கார்டு பாக்கி இருப்பவர்கள். அதற்கு ஆண்டுக்கு 36 சதவீதத்தையும் தாண்டி வட்டி போகலாம். எந்த ஓய்வூதியத் திட்டமும் அதற்கு ஈடு தராது. அதேபோல், மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாதவர்கள் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். வேலை போனால் என்பிஎஸ் பணம் உதவிக்கு வராது. மருத்துவக் காப்பீடு, குடும்பம் நம்பியிருப்பவர்களுக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் ஆகியவையும் இதற்கு முன்னால் வர வேண்டியவை.

சந்தை ஏற்ற இறக்கமே வேண்டாம் என்பவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் பிபிஎஃப் இருக்கிறது. 15 வருடத் திட்டம். வருடத்துக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை போடலாம். 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரி கட்டாத, 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அடல் பென்ஷன் யோஜனா உண்டு. 25 வயதில் சேர்ந்து மாதம் 376 ரூபாய் கட்டினால் 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் உறுதி. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கும், தெருமுனை டிபன் கடை அண்ணனுக்கும் இதைச் சொல்லித் தருவது நல்ல காரியம்.

மாற வேண்டியது யார்?

பொறுப்பு முழுவதையும் 26 வயதுக்காரர் தலையில் கட்டிவிடவும் முடியாது. இன்றைய வரி விதியில் ஒரு கோணல் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு, நிறுவனம் வழியாகப் போடும் ஓய்வூதியப் பணத்துக்குப் புதிய வரி முறையிலும் கழிவு உண்டு. நிறுவனமே இல்லாத ஃப்ரீலான்ஸர், தனியாக கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட், சின்ன வக்கீல் ஆகியோர் அதே பணத்தை அதே கணக்கில் போட்டால் கழிவு கிடையாது. பிஎஃப்-உம் இல்லாதவர்கள் இவர்கள்தான். 12 லட்சத்துக்குள் வருமானம் இருந்தால் வரியே இல்லை என்று சொல்லலாம். அதற்கு மேல் சம்பாதிப்பவருக்கும், ஒரு வருடம் நன்றாகவும் அடுத்த வருடம் மோசமாகவும் போகும் தொழில் செய்பவருக்கும் அது பதில் ஆகாது. பாதுகாப்பு குறைவாக இருப்பவருக்குச் சலுகையும் குறைவு என்பது நியாயம் இல்லை. சொந்தமாகப் போடும் தொகைக்கும் புதிய முறையில் ஒரு வரம்பு வரையாவது கழிவு தரப்பட வேண்டும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். வேலையில் சேரும் நாளில் ஐடி கார்டு, லேப்டாப், சம்பளக் கணக்கு என எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கட்டில் என்பிஎஸ் படிவம் ஒன்றையும் வைத்து, இரண்டு நிமிடம் விளக்கினால் போதும். முதல் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும் பணத்தை யாரும் பெரிதாக உணர்வதில்லை. ஐந்து வருடம் கழித்துப் பிடிக்க ஆரம்பித்தால்தான் வலிக்கிறது.

ஊருக்குப் போகும் பத்தாயிரம் தொடர்ந்து போகட்டும். அது கடமை மட்டும் அல்ல, பாசமும்தான். ஆனால் அதை வாங்கும்போது "உனக்கு இருக்காப்பா?" என்று தயங்கிக் கேட்கும் அப்பாவின் குரலைக் கேட்டவர்களுக்கு, பிள்ளையிடம் கேட்கும் நிலை எப்படிப்பட்டது என்று தெரியும். அந்தக் கேள்வியைத் தன் 60 வயதில் கேட்காமல் இருக்க, இந்த மாதம் 500 ரூபாயில் தொடங்கலாம்.